மேல அரிப்பு குறைஞ்சும் ஆத்துல கலங்கல் ஏன் குறையல?

கேள்வி சுருக்கமா இது: ஒரு ஆத்தோட நீர்ப்பிடிப்பு பகுதியில பத்து வருஷமா வரப்பு போட்டு, மரம் வச்சு, தடுப்பணை கட்டி மண் அரிப்பைக் குறைச்சிருக்காங்க. வயல்ல அரிப்பு குறைஞ்சிருக்குன்னு அளந்தும் பாத்துட்டாங்க. ஆனா கீழ ஆத்துல தண்ணி அதே கலங்கலா ஓடுது, அணையில வண்டல் சேர்றதும் குறைஞ்ச மாதிரி தெரியல. அப்ப செஞ்ச வேலை வீணா, இல்ல யாராவது கணக்கைத் தப்பா போட்டுட்டாங்களா?

வேலை வீண் இல்ல, கணக்கும் தப்பா இருக்கணும்னு அவசியம் இல்ல. இந்த வருஷம் வயல்ல இருந்து கிளம்புற மண்ணு தான் இந்த வருஷம் அணைக்கு வருதுன்னு நாம எல்லாரும் கேக்காமலே எடுத்துக்குறோம், சிக்கல் அங்க தான். இன்னைக்கு அணைக்கு வர்ற வண்டல்ல ஒரு பெரிய பங்கு ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி மேட்டுல இருந்து கழண்டு, வழியில எங்கயோ தங்கி, இப்ப மறுபடி கிளம்பி வந்ததா இருக்கலாம். அந்த வழியில தங்குற விஷயத்தைப் பத்தி தான் நீளமா எழுதப் போறேன், நிறைய ரிப்போர்ட்டுங்க அதை ஒரே வரியில தாண்டிப் போயிடுது.

முதல்ல மண்ணு எப்படி கழளுதுன்னு பாத்துடலாம். ஓடுற தண்ணி தான் மண்ணை அரிக்குதுன்னு தோணும், ஆனா வேலையை ஆரம்பிச்சு வைக்கிறது மழைத்துளி. அஞ்சு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பெரிய துளி தரையைத் தொடும்போது செகண்டுக்கு சுமார் 9 மீட்டர் வேகத்துல வருது, வெறும் மண்ணுல அது விழுந்தா மண்கட்டி உடைஞ்சு பொடியாகி சுத்தி தெறிக்குது, அந்தப் பொடி மேல்மண்ணோட துவாரங்களை அடைச்சுடுது, அதுக்கப்புறம் தண்ணி உள்ள இறங்காது, மேலயே ஓட ஆரம்பிக்கும். ஓடுற தண்ணி முதல்ல மெல்லிசா பரவி ஓடும், கொஞ்ச தூரத்துல சின்ன சின்ன கோடா சேரும், கோடுங்க சேர்ந்து பள்ளமாகும். அதனால தரையை ஒட்டி இருக்குற சருகு, புல், மூடாக்கு தான் முதல் காவல். இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, மரம் நட்டாலே அரிப்பு நின்னுடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. உயரமான மரத்துல பெரிய இலையில சேர்ந்து சொட்டுற துளி சாதாரண மழைத்துளியை விடப் பெருசா இருக்கும், விழுற உயரமும் போதுமானதா இருக்கும், அடியில சருகை எல்லாம் கூட்டி எடுத்து தரையை வெறுமையா விட்டிருந்தா அந்தத் தோப்புக்குள்ளயே நல்லா அரிக்கும். நட்டது எத்தனை மரம்னு எண்ணுறதை விட தரை எவ்வளவு மூடியிருக்குன்னு பாக்குறது மேல்.

அளவு எப்படின்னா, ஒரு ஹெக்டேர்ல ஒரே ஒரு மில்லிமீட்டர் மண்ணு போனா அது 10 கன மீட்டர், எடையில ஏறக்குறைய 13 டன். ஒரு மில்லிமீட்டர் குறைஞ்சதை எந்த விவசாயியும் கண்ணால பாக்க முடியாது. அதனால தான் வயல்ல நடக்குற இழப்பு அவ்வளவு அமைதியா நடக்குது, கீழ அணையில சேர்ந்தா மட்டும் எல்லாரும் பதறுறோம்.

இப்ப கணக்குக்கு வருவோம். உலகம் பூரா மண் இழப்பைக் கணக்கு போட பயன்படுத்துறது அமெரிக்க ஆய்வாளருங்க விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-லயும் அப்புறம் திருத்தி 1978-லயும் வெளியிட்ட சமன்பாடு. மழையோட வலு, மண்ணோட தன்மை, சரிவோட நீளம், சரிவோட செங்குத்து, பயிர் மூடல், பாதுகாப்பு வேலை, இந்த ஆறு காரணியையும் பெருக்கினா வருஷத்துக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன்னுன்னு வரும். அதோட அடிப்படை என்னன்னா சுமார் 22 மீட்டர் நீளமும் 9 சதவீதம் சரிவும் உள்ள ஒரு சோதனைத் துண்டு நிலம். அந்தத் துண்டோட கீழ் விளிம்பைத் தாண்டுற மண்ணைத் தான் அது சொல்லுது. பெரிய பள்ளம் வெட்டுறது, ஆத்தங்கரை இடியுறது, மலைச்சரிவு சரியுறது எதுவும் அதுல இல்ல, வழியில மண்ணு படியுறதும் இல்ல. ஆனா இன்னைக்கு சாட்டிலைட் படத்தை வச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் இதைப் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, இவ்வளவு மண்ணு ஆத்துக்கு வருதுன்னு கலர் மேப் போட்டுடுறாங்க. இது அந்தச் சமன்பாட்டைக் கேக்கக் கூடாத கேள்வி கேக்குறது, அதை உருவாக்கினவங்களே இதைப் பத்தி எச்சரிச்சிருக்காங்க.

கழண்ட மண்ணுல எவ்வளவு பங்கு வெளியேறும் இடத்துக்கு வந்து சேருதுன்னு ஒரு விகிதம் இருக்கு, வண்டல் சேரும் விகிதம்னு வச்சுக்கலாம். சின்ன ஓடையோட பிடிப்புல அது அதிகமா இருக்கும், பிடிப்பு பகுதி பெருசாக பெருசாக பொதுவா குறைஞ்சுக்கிட்டே போகும், ஏன்னா பெரிய பிடிப்புல சரிவு தட்டையாகுது, வெள்ளச் சமவெளி அகலமாகுது, மண்ணு தங்குறதுக்கு இடம் ஜாஸ்தி. இந்தியா முழுசுக்கும் 1983-ல துருவ நாராயணாவும் ராம் பாபுவும் போட்ட கணக்கு இதுக்கு நல்ல உதாரணம்: வருஷத்துக்கு சுமார் 533 கோடி டன் மண்ணு கழளுது, அதுல கடலுக்குப் போறது 29 சதவீதம், நீர்த்தேக்கங்கள்ல படியுறது 10 சதவீதம், மிச்சம் 61 சதவீதம் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறுது, அவ்வளவு தான். பாதிக்கு மேல நிலத்துலயே எங்கயோ தங்கியிருக்கு. அரிப்பு பத்தி பேசுறவங்க 533 கோடியை மட்டும் சொல்லுவாங்க, அந்த 61 சதவீதத்தை யாரும் சொல்றதில்ல, நம்ம கேள்விக்கு அது தான் முக்கியம்.

மண்ணோட பயணத்தை நேர் பஸ்ஸா நினைக்காம, இறங்கி இறங்கி வண்டி மாறிப் போற பயணமா நினைச்சுக்கோங்க, சில ஸ்டாப்புல ஒரு மணி நேரம் காத்திருக்கணும், சில ஸ்டாப்புல நூறு வருஷம். எங்க எவ்வளவு நேரம்ங்கிறதை முடிவு பண்றது துகளோட அளவு. 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் அசையாத தண்ணியில ஒரு மீட்டர் கீழ இறங்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. 0.002 மில்லிமீட்டர் களித்துகள் தனியா அதே ஒரு மீட்டர் இறங்க கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும். அதனால வேகம் கொஞ்சம் குறைஞ்சாலே மணல் உக்காந்துடும், களி மட்டும் தொங்கிக்கிட்டே ரொம்ப தூரம் போகும். இதுல இன்னொரு சூட்சுமம், 1935-ல யூல்ஸ்ட்ரம்ங்கிற ஆய்வாளர் போட்ட வரைபடத்துல இருந்து எல்லாரும் படிக்கிறது: ஓடுற தண்ணியால சுலபமா கிளப்ப முடியுறது நடுத்தர மணல் தான், கூழாங்கல்லுக்கு கனம், படிஞ்சு இறுகின களிக்கு ஒட்டுற குணம், ரெண்டையும் கிளப்ப அதிக வேகம் வேணும். ஆனா களி ஒரு தடவை கிளம்பிட்டா அப்புறம் உக்கார வைக்கிறது கஷ்டம். இதனால வெள்ளச் சமவெளியில படிஞ்ச மென்மண்ணு பல தலைமுறை அப்படியே கிடக்கும், ஆறு என்னைக்கு கரையைப் பக்கவாட்டுல தின்ன ஆரம்பிக்குதோ அன்னைக்கு மொத்தமா கிளம்பும்.

இதை நேரடியா காட்டின இடம் அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல இருக்குற கூன் கிரீக். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல குடியேறினவங்க செங்குத்தான சரிவையெல்லாம் உழுது கோதுமை போட்டாங்க, மண்ணு பயங்கரமா இறங்கி பள்ளத்தாக்குல மீட்டர் கணக்குல மூடிடுச்சு. 1933-ல அங்க தான் அந்த நாட்டோட முதல் நீர்ப்பிடிப்பு பாதுகாப்பு மாதிரித் திட்டம் ஆரம்பிச்சது, சம உயரத்துல உழுறது, பட்டை பட்டையா பயிர் மாத்தி போடுறது, செங்குத்தான சரிவுல இருந்து மாட்டை வெளியேத்துறதுன்னு. மேட்டுல அரிப்பு நல்லாவே குறைஞ்சது. ஸ்டான்லி டிரிம்பிள்ங்கிற புவியியல் ஆய்வாளர் பல பத்து வருஷம் அந்தப் பள்ளத்தாக்கை குறுக்கு வெட்டா அளந்து அளந்து 1981-லயும் 1999-லயும் முடிவை வெளியிட்டார். அதுல ஆச்சரியம் என்னன்னா, அரிப்பு உச்சத்துல இருந்த காலத்துலயும் சரி, வெகுவா குறைஞ்ச காலத்துலயும் சரி, கூன் கிரீக்ல இருந்து மிசிசிப்பி ஆத்துக்குள்ள போன வண்டல் ஏறக்குறைய ஒரே அளவு தான்.

ஏன்? அரிப்பு உச்சத்துல இருந்தப்போ வந்த மண்ணுல பெரும்பங்கை பள்ளத்தாக்கு வாங்கி வச்சுக்கிச்சு, கொஞ்சம் தான் வெளிய போச்சு. மேல இருந்து வரத்து குறைஞ்சப்புறம், மண்ணு கம்மியா சுமந்து வந்த ஓடைங்க மேல் பள்ளத்தாக்குல ஏற்கனவே படிஞ்சிருந்த கரைகளை அரிச்சு எடுக்க ஆரம்பிச்சது. வெளியேறுற இடத்துல மட்டும் நின்னு அளந்தவங்களுக்கு எதுவுமே மாறலன்னு தான் தெரிஞ்சிருக்கும். உள்ள என்னவோ எல்லாமே மாறியிருந்தது. உங்க கேள்வியில இருக்குற ஆத்துலயும் இதே நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

கூன் கிரீக் ஒரு தனி உதாரணம் இல்ல. கலிஃபோர்னியாவுல தங்கத்துக்காக 1853-ல இருந்து குழாய்ல அழுத்தத்தோட தண்ணி பாய்ச்சி மலையையே கரைச்சாங்க, 1884-ல கோர்ட் தீர்ப்பு வந்து அது நின்னுச்சு. அதுக்குள்ள நூறு கோடி கன மீட்டருக்கும் மேல மண்ணும் கல்லும் ஆறுகளுக்குள்ள இறங்கிடுச்சு, யூபா ஆத்தோட படுகை சுத்தி இருக்குற ஊர்களை விட உயரமாச்சு. கில்பர்ட்ங்கிற புவியியலாளர் 1917-ல அதை ஆராய்ஞ்சு, இந்த மண்ணு ஒரு அலை மாதிரி மெல்ல கீழ நகருதுன்னு எழுதினார். அவர் சொன்ன அளவுக்கு அழகான அலையா அது போகல, பின்னாடி வந்த ஆய்வுங்க காட்டினபடி மணலும் கல்லும் படுகையை விட்டு நகர்ந்தாலும் ஓரங்கள்ல படிஞ்சது இன்னும் கிடக்கு, வெள்ளம் வரும்போதெல்லாம் கிளம்புது, தங்கம் பிரிக்க ஊத்தின பாதரசமும் அதோடவே வருது. சுரங்கம் நின்னு நூத்தி நாப்பது வருஷம் ஆச்சு.

பென்சில்வேனியா பக்கம் வேற மாதிரி. தண்ணியில ஓடுற ஆலைகளுக்காக ஓடை ஓடையா சின்ன அணை கட்டியிருந்தாங்க, 1840 கணக்கெடுப்புல கிழக்கு அமெரிக்காவுல அறுபத்தஞ்சாயிரத்துக்கு மேல ஆலைங்க. ஒவ்வொரு அணைக்குப் பின்னாடியும் வண்டல் நிரம்பி சமவெளி மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அணைங்க உடைஞ்சது, ஓடை அந்த வண்டலை நேரா அறுத்துக்கிட்டு கீழ இறங்கிச்சு, அந்த செங்குத்துக் கரை இன்னைக்கும் இடிஞ்சுக்கிட்டு இருக்கு. வால்டர், மெரிட்ஸ்னு ரெண்டு ஆய்வாளருங்க 2008-ல இதைக் காட்டுற வரைக்கும் இதெல்லாம் இயற்கையான வெள்ளச் சமவெளின்னு தான் எல்லாரும் நினைச்சாங்க. தடுப்பணை கட்டுற ஒவ்வொருத்தரும் இதைத் தெரிஞ்சுக்கணும். நிரம்பின தடுப்பணை அதுக்கு மேல வண்டலைப் பிடிக்காது, வர்றது தாண்டிப் போயிடும், பராமரிக்காம விட்டு உடைஞ்சா பல வருஷ சேமிப்பை ஒரே மழையில கீழ அனுப்பும். பத்து வருஷத்துக்கு முன்னாடி கட்டினது இன்னைக்கு எத்தனை நிரம்பியிருக்குன்னு முதல்ல ஒரு நடை நடந்து பாருங்க.

இதுக்கு நேர் எதிரா வேலை செஞ்ச உடனே பலன் தெரிஞ்ச இடமும் இருக்கு, சீனாவோட மஞ்சள் ஆறு. ஒரு காலத்துல வருஷத்துக்கு சுமார் 160 கோடி டன் வண்டல் கொண்டு வந்த ஆறு, இந்த நூற்றாண்டுல அது 20-30 கோடி டன் அளவுக்கு இறங்கிடுச்சு. படிக்கட்டு வயல், ஆயிரக்கணக்கான தடுப்பணை, 1999-ல ஆரம்பிச்ச சரிவு நிலத்தைக் காடாவும் புல்லாவும் மாத்துற திட்டம், பெரிய நீர்த்தேக்கங்கள், எல்லாம் சேர்ந்து செஞ்சது. அங்க மட்டும் ஏன் தெரிஞ்சதுன்னா, அந்த லோயஸ் மண்ணு காத்துல அடிச்சு வந்து குவிஞ்ச ஒரே சீரான பொடி, நிலம் பூரா செங்குத்தான பள்ளம், நடுவுல தங்குறதுக்கு சமவெளியே கம்மி, கழண்டது கிட்டத்தட்ட முழுசா ஆத்துக்கு வந்துடும். வழியில சேமிப்பு இல்லாததால பழைய பாக்கியும் இல்ல. அதே ஆத்துல 1960-ல நீர் தேக்க ஆரம்பிச்ச சான்மென்ஷியா அணை சில வருஷத்துலயே வண்டலால திணறி, அடியில மதகு வச்சு திரும்பக் கட்ட வேண்டி வந்ததையும் சொல்லணும், மேல அரிப்பு சீக்கிரம் குறைஞ்சிடும்னு நம்பி டிசைன் பண்ணதோட விளைவு அது.

அப்ப உங்க இடத்துல வண்டல் வயல்ல இருந்து வருதா, கரையில இருந்து வருதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? இதுக்கு அருமையான ஒரு வழி இருக்கு. அம்பதுகள்லயும் அறுபதுகள்லயும் வானத்துல அணுகுண்டு சோதனை நடத்தினாங்க, அதுல வந்த சீசியம்-137ங்கிற கதிரியக்கப் பொருள் மழையோட உலகம் பூரா இறங்கிச்சு, 1963 வாக்குல அது உச்சம். அது களித்துகளோட கெட்டியா ஒட்டிக்கும், உழுத ஆழம் வரைக்கும் தான் இருக்கும், அரை ஆயுள், அதாவது பாதியா குறைய ஆகுற காலம், 30 வருஷம். ஆத்து வண்டல்ல அது நல்லா இருந்தா மேல்மண்ணு வருதுன்னு அர்த்தம், கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னா ஆழமான பள்ளத்துல இருந்தோ கரையோட உள் மண்ணுல இருந்தோ வருது. இதோட ஈயம்-210, பெரிலியம்-7, மண்ணோட தாது, நிறம் எல்லாத்தையும் சேர்த்து கைரேகை மாதிரி ஒப்பிடுவாங்க. பெரிலியம்-7-க்கு அரை ஆயுள் வெறும் 53 நாள், அதனால அது வண்டல்ல இருந்தா அந்த மண்ணு போன சில மாசத்துக்குள்ள மேற்பரப்புல வெயில் மழையில கிடந்திருக்கு. லேப் வசதி இல்லாட்டியும் கரையில இரும்புக் கம்பி அடிச்சு வச்சு ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டிருக்குன்னு அளந்தாலே நிறைய தெரிஞ்சிடும், செலவும் ஒண்ணும் இல்ல.

ஆத்துல கலங்கல் குறையலன்னு சொல்றது எந்த சாம்பிளை வச்சுங்கிறதும் ஒரு கேள்வி. வாரத்துக்கு ஒரு நாள் பாட்டில்ல தண்ணி எடுத்தா பெரும்பாலும் வெள்ளம் இல்லாத நாள் தான் மாட்டும், ஆனா வருஷத்து வண்டல்ல பெரும்பங்கு போறது சில வெள்ள நாள்ல. தண்ணி ரெண்டு மடங்கானா வண்டல் ரெண்டு மடங்கோட நிக்காது, பல ஆறுகள்ல மூணு மடங்கு, எட்டு மடங்குன்னு கூட ஏறும். அது மட்டும் இல்ல, வெள்ளம் ஏறும்போது இருக்குற கலங்கலும் அதே மட்டத்துல வெள்ளம் இறங்கும்போது இருக்குற கலங்கலும் ஒண்ணா இருக்காது, பக்கத்துலயே கிடந்த மண்ணு முதல் வேகத்துல அடிச்சுக்கிட்டு போயிடுச்சுன்னா ஏறும்போது தான் அதிகம், தூரத்துல இருந்தோ கரை சரிஞ்சோ வந்தா இறங்கும்போது அதிகம். இந்த வித்தியாசத்தை வெள்ளம் ஒவ்வொண்ணுலயும் குறிச்சு வச்சா மண்ணு எங்க இருந்து வருதுங்கிறதுக்கு அதுவே ஒரு துப்பு. ஒரு பெரிய மழை வருஷத்தையும் ஒரு வறட்சி வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு திட்டம் ஜெயிச்சுது தோத்துதுன்னு சொல்றதை மட்டும் செய்யாதீங்க.

வேலையை எங்க செய்யணும்ங்கிறதுல என் கருத்து இது. பரப்பளவு முழுக்க சமமா பணத்தைப் பரப்புறதை விட, மண்ணு ஆத்தோட நேரா இணையுற வழிகளைப் பிடிக்கணும். ஒரு சரிவு எவ்வளவு அரிச்சாலும் அடியில அகலமான புல் பட்டை இருந்தா வர்ற மணலும் பொடிமண்ணும் நிறைய அங்கயே நின்னுடும், களி மட்டும் தப்பிச்சுப் போகும். ஆனா அதே சரிவுல ஒரு மண் ரோடு போட்டு அதோட ஓரக் கால்வாயை நேரா ஓடையில விட்டா, அந்த ரோடும் ரோட்டுக்கு மேல இருக்குற நிலமும் ஓடையோட ஒட்டிப் போயிடும். பரப்புல ரோடு ரொம்ப சின்னது, ஆனா வண்டலுக்கு பெரிய வழி. அப்புறம் பள்ளத்தோட தலை, அதாவது மேல் பக்கமா வெட்டிக்கிட்டே போற முனை, அதை நிறுத்தினா மேல இருக்குற நிலம் தப்பிக்கும். மூணாவது ஆத்தங்கரை, மாடு இறங்குற இடம், மரம் வெட்டின இடம், ஆறு வளையுற இடத்தோட வெளிப்பக்கக் கரை. உங்க இடத்துல மேட்டுல வேலை முடிஞ்சாச்சு, இனி பாக்க வேண்டியது இந்த மூணும் தான்.

ஒரு எதிர்பாராத விஷயமும் நடக்கலாம். மேல தடுப்பணைங்க நிறைய இருந்தா அதுல இருந்து தெளிஞ்சு வர்ற தண்ணிக்கு மண்ணு சுமக்குற சக்தி மிச்சம் இருக்கும், அது கீழ படுகையையும் கரையையும் அரிச்சு எடுத்துக்கும். பெரிய அணைங்களுக்குக் கீழ இது நல்லா தெரிஞ்ச சங்கதி. 1970-ல முடிஞ்ச அஸ்வான் உயர் அணை நைல் ஆத்தோட வண்டலை கிட்டத்தட்ட முழுசா பிடிச்சுக்கிச்சு, டெல்டா கரையைக் கடல் தின்னுக்கிட்டு இருக்கு. வண்டலே வரக்கூடாதுன்னு நினைக்கிறவங்க அங்க போய் கேக்கணும். அமெரிக்காவுல எல்வா ஆத்துல இருந்த ரெண்டு அணையை 2011-ல இருந்து 2014-க்குள்ள இடிச்சப்போ பின்னாடி தேங்கியிருந்த வண்டல் சுமார் 2 கோடி கன மீட்டர், அது கிளம்பி வந்து கடல் முகத்துல புதுசா மணல்திட்டும் கரையும் உண்டாச்சு. ஆத்துக்கு வண்டல் தேவை, தேவைக்கு மேல வர்றது தான் தொல்லை.

கடைசியா அணையோட அளவீடு. அணையில வண்டல் குறையலன்னு சொல்றது பெரும்பாலும் கொள்ளளவு சர்வேயை வச்சு, அது கன மீட்டர்ல இருக்கும், வயல் கணக்கு டன்ல இருக்கும். எப்பவும் தண்ணிக்கடியில கிடக்குற புது களிப் படிவுல ஒரு கன மீட்டருக்கு நானூத்து சொச்சம் கிலோ தான் மண்ணு, பொடிமண்ணுன்னா ஆயிரத்து நூறு பக்கம், மணல்னா ஆயிரத்து ஐநூறுக்கு மேல. மேல செஞ்ச வேலையால மணல் வரத்து நின்னு களி மட்டும் வந்துக்கிட்டு இருந்தா, எடை பாதியா குறைஞ்சிருந்தாலும் கொள்ளளவு இழப்பு அந்த அளவுக்கு குறைஞ்ச மாதிரி தெரியாது, வருஷம் போக போக அந்தக் களி இறுகி அமுங்கும்போது தான் வித்தியாசம் நல்லா வெளிய வரும். அதனால அடுத்த சர்வேயில ஆழத்தை மட்டும் அளக்காம, நாலஞ்சு இடத்துல குழாய் இறக்கி படிவு மாதிரி எடுத்து, அடர்த்தியும் மணல்-களி விகிதமும் பாத்து டன்னா மாத்தச் சொல்லுங்க, பழைய சர்வேயையும் அதே மாதிரி டன்னா மாத்தி அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வைங்க.